கட்டளையின் அளவையியல்: உஸூலுல் பிக்ஹ் முதல் சமூக ரொபோக்கள் வரை

முதியவர் ஒருவருக்கு மருந்து வேளையை நினைவூட்டும் பணி ஒரு ரொபோவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. குறித்த நேரத்தில் அது அவரை அணுகி மருந்தை உட்கொள்ளுமாறு கூறுகின்றது. அவரோ இப்போது வேண்டாம் என மறுத்துவிடுகின்றார். இந்நிலையில் அந்த ரொபோ செய்ய வேண்டியது என்ன? அவரது விருப்பத்தை மதித்து விலகிச் செல்வதா? சற்று நேரம் கழித்து மீண்டும் வற்புறுத்துவதா? அல்லது மருத்துவருக்கு அறிவிப்பதா? எந்த ஒன்றைச் செய்தாலும் ஏதேனும் ஒரு கடமையைச் சற்றேனும் விட்டுக்கொடுக்க நேர்கின்றது.

இது கற்பனை நிகழ்ச்சியன்று. தத்துவப் பேராசிரியர் சூசன் லீ அண்டர்சனும் கணினி விஞ்ஞானி மைக்கல் அண்டர்சனும் அமெரிக்காவில் இதே நிலைமையை ‘நாவோ’ எனும் சிறு ரொபோவில் செயற்படுத்தி, 2010ஆம் ஆண்டு அதன் விவரங்களைப் பொது வாசகர்களுக்கும் வெளியிட்டனர். அந்த ரொபோ தன் முடிவை எட்டிய வழி அளவையியல் விதியொன்றின் வழியாகும்.

தொழிற்சாலையில் இரும்பை ஒட்டும் இயந்திரக் கரத்திற்கு இத்தகைய பிரச்சினை எழுவதில்லை. மனிதருடன் உரையாடவும், அவர்களுக்குத் துணையிருக்கவும், பராமரிக்கவும் உருவாக்கப்படுபவையே சமூக ரொபோக்கள் எனப்படுகின்றன. நோயாளிகளுக்கு ஆறுதலளிக்கும் கடல்நாய்க்குட்டி வடிவிலான ‘பாரோ’ 2005இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது முதல் இவை முதியோர் இல்லங்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் படிப்படியாக நுழைந்து வருகின்றன. எனவே, ‘செய்ய வேண்டும்’, ‘செய்யலாம்’, ‘செய்யக் கூடாது’ என்பவற்றை ஓர் இயந்திரத்திற்கு எவ்வாறு எடுத்துரைப்பது எனும் வினா இன்று பொறியியலாளர்களின் வினாவாகியுள்ளது.

ஆயினும் அது பழைய வினாவாகும். கட்டளைகளுக்கு ஓர் அளவையியல் உண்டா, உண்டெனில் அதன் எல்லை எது என்பதை முஸ்லிம் சட்ட அறிஞர்களும் ஐரோப்பியத் தத்துவஞானிகளும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்து, ரொபோக்கள் பற்றிய இன்றைய விவாதத்திற்கு அது தரும் ஒளி யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹுக்ம்களும் அளவையியலும்

உஸூலுல் பிக்ஹ் எனும் சட்ட மூலக் கலை மனிதச் செயல்களை ஐந்து ஹுக்ம்களுக்குள் வகைப்படுத்தியது. வாஜிப், மன்தூப், முபாஹ், மக்ரூஹ், ஹராம் என்பனவே அவை. ஹனபி அறிஞர்கள் பர்ளையும் வாஜிபையும் வேறுபடுத்தி, மக்ரூஹையும் இரண்டாகப் பிரித்து, இவ்வகைப்பாட்டை மேலும் நுணுக்கமாக்கினர். ஒரு செயலைச் செய்வதற்கும் விடுவதற்கும் உரிய விளைவுகளின் அடிப்படையில் இவ்வைந்தும் வரையறுக்கப்பட்டன. செய்தால் நன்மையும் விட்டால் தண்டனையும் உடையது வாஜிப். செய்தால் நன்மை உண்டு, விட்டால் தண்டனை இல்லை என்பது மன்தூப். ஏனையவையும் இம்முறையிலேயே அமைந்தன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வரையறுக்கத்தக்க ஓர் ஒழுங்கு இதில் இருப்பதை வாசகர் எளிதில் காணலாம். ஒரு செயலை விடுவது ஹராம் எனில், அதனைச் செய்வது வாஜிபாகும்.

இவ்வொழுங்கினை அளவையியலோடு வெளிப்படையாக இணைத்தவர் ஸ்பெயினின் குர்துபாவில் 994இல் பிறந்து 1064இல் மறைந்த இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) ஆவார். கிரேக்கர் வழிவந்த மன்திக் கலையைப் பொதுமக்கள் வழங்கும் சொற்களாலும் பிக்ஹ் உதாரணங்களாலும் விளக்குவதற்கென்றே அவர் ‘அத்-தக்ரீப் லிஹத்தில் மன்திக்’ எனும் நூலை எழுதினார். அவசியமானது, சாத்தியமானது, அசாத்தியமானது என மன்திக் கலை பகுக்கும் மூன்று நிலைகளையும் ஷரீஆவின் மூன்று ஹுக்ம்களோடு அவர் அதில் பொருத்திக் காட்டினார். காலைதோறும் சூரியன் உதிப்பது போன்று அவசியமானதற்கு நிகரானது கடமை. நாளை மழை பெய்யக்கூடும் என்பது போன்று ஆகவும் ஆகாமலிருக்கவும் கூடியதற்கு நிகரானது ஆகுமானது. மனிதன் ஒரு நாள் முழுவதும் நீருக்கடியில் இருப்பது போன்று இயலாததற்கு நிகரானது விலக்கப்பட்டது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. சாத்தியமானதை நிகழ்தலுக்கு நெருக்கமானது, தொலைவானது, இரண்டிற்கும் சமமானது என மேலும் பகுத்து, விரும்பத்தக்கது, வெறுக்கத்தக்கது, முபாஹ் ஆகியவற்றை அவற்றுக்கு நிகராக வைத்தார்.

இப்னு ஹஸ்ம் ழாஹிரி மத்ஹபைச் சார்ந்தவர். சட்டத்தில் கியாஸை ஏற்காதவர். அத்தகைய ஒருவர் மன்திக்கைச் சட்டத்திற்கு அண்மையில் கொண்டுவந்தமை வியப்பன்று. சொல்லப்பட்டதிலிருந்து எது கட்டாயமாகப் பெறப்படுகின்றது, எது பெறப்படவில்லை என்பதை வரையறுக்கும் கருவி அவருக்குத் தேவையாக இருந்தது.

வடிவமும் உள்ளடக்கமும்

மன்திக்கை உஸூல் கலையின் வாயிலிலேயே அமர்த்தியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆவார். 1109இல் நிறைவு செய்த ‘அல்-முஸ்தஸ்பா’ எனும் நூலின் தொடக்கத்தில் அளவையியல் பற்றிய ஒரு முன்னுரையை அவர் சேர்த்தார். அது உஸூல் கலைக்கு மட்டும் உரியதன்று, எல்லா அறிவுத் துறைகளுக்கும் முன்னுரையாகும் எனவும், அதனை அறியாதவரின் அறிவில் நம்பிக்கை வைக்க இயலாது எனவும் அவர் கூறியமை பின்வந்தோரிடையே பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) மன்திக்கில் ஈடுபடுவதற்கு எதிராகப் பத்வா வழங்கினார். இமாம் இப்னு தைமிய்யா (1263-1328) அளவையியலாளர்களை மறுத்துத் தனி நூலே எழுதினார்.

இப்னு தைமிய்யாவின் மறுப்பை வெறும் அறிவு வெறுப்பு எனக் கொள்வது தவறாகும். போதை தருவன யாவும் ஹராம். இப்பானம் போதை தருவது. ஆகவே இப்பானம் ஹராம். இந்த நியாயத்தொடையில் எவரும் பிழை காண இயலாது. ஆனால் இதன் உறுதி வாதத்தின் வடிவத்திலிருந்து வரவில்லை, எடுகூற்றுக்களின் உள்ளடக்கத்திலிருந்தே வருகின்றது என்பது அவரது கருத்தாகும். இப்பானம் போதை தருமா என்பதை எந்த வாத வடிவமும் சொல்லித் தராது. அதனை உலகில் சென்று அறிய வேண்டும். எடுகூற்று ஐயத்திற்குரியதாயின் வாய்ப்பான வாதமும் ஐயத்திற்குரிய முடிவையே தரும்.

சுவையான செய்தி யாதெனில், மன்திக்கின் ஆதரவாளரான இமாம் கஸ்ஸாலியும் இதே எல்லையை வேறு பெயரில் நன்கு அறிந்திருந்தார் என்பதாகும். ஒரு ஹுக்மின் அடிப்படைக் காரணம் முன்னரே நிறுவப்பட்டிருக்க, அது இந்தக் குறிப்பிட்ட நிலைமையில் இருக்கின்றதா எனக் கண்டறியும் முயற்சியை அவர் ‘தஹ்கீகுல் மனாத்’ என விளக்குகின்றார். அதற்கு அவர் தரும் உதாரணங்களுள் உறவினரின் பராமரிப்புச் செலவும் ஒன்று. போதுமான அளவு வழங்குவது கடமை என்பது சட்டத்தால் அறியப்படுகின்றது. ஆனால் ஒரு றாத்தல் உணவு இந்த மனிதருக்குப் போதுமானதா என்பது மதிப்பீட்டினால் மட்டுமே அறியப்படும். கிப்லாவின் திசையைத் தேடுவதும் சாட்சியின் நேர்மையைக் கணிப்பதும் இவ்வகையினவே.

முதியோர் பராமரிப்புக்கான ரொபோவைப் பற்றிப் பேசும்போது இவ்வுதாரணம் எவ்வளவு பொருத்தமானது என்பதை நாம் பின்னர் காண்போம்.

ஐரோப்பாவில் கடப்பாட்டு அளவையியல்

ஜேர்மனியின் லைப்னிட்ஸ் கணிதமேதையாக அறியப்படுமுன் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1671 அளவில் இயற்கைச் சட்டத்தின் மூலங்கள் பற்றி அவர் எழுதிய குறிப்புகளில், சட்டத்தின் நிலைகளை அளவையியலின் நிலைகளோடு ஒப்பிட்டார். நல்ல மனிதன் செய்வதற்குச் சாத்தியமானது அனுமதிக்கப்பட்டது. அவன் செய்ய இயலாதது விலக்கப்பட்டது. அவன் செய்வது அவசியமானது கடமை. இப்னு ஹஸ்மின் பகுப்போடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படையானது. ஆயினும் ஒற்றுமை ஒன்றே ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் என்பதற்குச் சான்றாகாது. ‘தக்ரீப்’ நூலே இஹ்ஸான் அப்பாஸின் பதிப்பாக 1959இல்தான் அச்சேறியது. சட்டத்தையும் அளவையியலையும் ஒருங்கே கற்ற இருவர் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டனர் எனக் கொள்வதே நேர்மையாகும். லைப்னிட்ஸின் வரையறையில் ‘நல்ல மனிதன்’ நடுவே நிற்பதும் குறிப்பிடத்தக்கது. பின்வந்தோர் குறியீடுகளை எடுத்துக்கொண்டனர். அம்மனிதன் படிப்படியாக மறைந்துபோனான்.

ஒஸ்திரியத் தத்துவஞானி ஏர்ன்ஸ்ட் மாலி 1926இல் கடப்பாட்டிற்கென ஒரு குறியீட்டு முறையை அமைத்தார். ஆனால் கார்ல் மெங்கர் 1939இல் அதன் குறையை வெளிப்படுத்தினார். அம்முறையின்படி, எது நிகழ்கின்றதோ அதுவே நிகழ வேண்டியதுமாகும் என்ற முடிவு பெறப்பட்டது. உள்ளதையும் வேண்டியதையும் பிரித்தறியாத அளவையியல் ஒழுக்கத்திற்கு எவ்விதத்திலும் உதவாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இதற்கிடையில் டென்மார்க்கின் யோர்ஹென் யோர்ஹென்சன் 1930களில் மேலும் அடிப்படையான ஐயமொன்றை எழுப்பினார். அளவையியல் உண்மை, பொய் என்பவற்றோடு தொடர்புடையது. ‘கதவை மூடு’ என்ற கட்டளையோ உண்மையுமன்று, பொய்யுமன்று. அவ்வாறாயின் கட்டளைகளுக்கிடையே அளவையியல் தொடர்பு எவ்வாறு இருக்க முடியும்? அரபு மொழியியலையும் உஸூலையும் கற்றோருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. மெய், பொய் கூறத்தக்க கூற்றைக் ‘கபர்’ என்றும், அவ்வாறு கூறவியலாத கட்டளை, வினா போன்றவற்றை ‘இன்ஷாஃ’ என்றும் அவர்கள் பிரித்து வந்துள்ளனர்.

பின்லாந்தின் ஜோர்ஜ் ஹென்ரிக் வொன் ரைட் 1951இல் வெளியிட்ட கட்டுரையுடன் கடப்பாட்டு அளவையியல் ஒரு தனித் துறையாக நிலைபெற்றது. கேம்பிரிட்ஜில் விட்கன்ஸ்டைனின் ஆசனத்தை வகித்தவர் அவர். கடமை, அனுமதி, விலக்கு ஆகியவை அவசியம், சாத்தியம், அசாத்தியம் என்பன போலவே ஒன்றோடொன்று தொடர்புறுகின்றன என்பதே அவரது தொடக்கமும் ஆகும். ஆனால் அம்மரபில் எழுந்த பொதுவான முறைமையில் மன்தூபுக்கும் மக்ரூஹுக்கும் தனி இடம் இருக்கவில்லை. கடமைக்கு மேற்பட்ட நற்செயலுக்கு முறையான இடமளிக்கும் ஓர் அமைப்பை போல் மெக்நமாரா 1996இல்தான் முன்வைத்தார். இக்குறை சிறியதன்று. தனித்திருக்கும் ஒருவருடன் சற்று நேரம் உரையாடுவதும், அவர் சொன்ன கதையையே மீண்டும் பொறுமையுடன் கேட்பதும் கடமைப் பட்டியலில் வருபவையல்ல, மன்தூபின் பாற்பட்டவை. வாஜிபும் ஹராமும் மட்டும் அறிந்த ஓர் இயந்திரம் விதிகளைப் பேணலாம். துணையிருத்தலின் பெரும்பகுதி அதன் அறிவுக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

விதிமீறலும் விதிவிலக்கும்

குறியீட்டு முறை வளர்ந்தபோது அதன் புதிர்களும் வெளிப்பட்டன. டென்மார்க்கின் சட்ட அறிஞர் அல்ஃப் ரொஸ் 1941இல் எடுத்துக்காட்டிய புதிர் எளிமையானது. ‘கடிதத்தைத் தபாலில் சேர்’ என்பது கட்டளை. ஒரு கூற்று உண்மையாயின் அக்கூற்றோடு ‘அல்லது’ எனச் சேர்த்து வேறெதனைக் கூறினும் அதுவும் உண்மையே என்பது அளவையியல் விதி. அதன்படி ‘கடிதத்தைத் தபாலில் சேர் அல்லது எரித்துவிடு’ என்ற கட்டளையும் பெறப்படுகின்றது. எரித்தவன் இரண்டாம் கட்டளையை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லலாமன்றோ? மனிதர் எவரும் இவ்வாறு விளங்கிக்கொள்வதில்லை. ஆனால் இயந்திரம் தனக்குத் தரப்பட்ட விதிகளுக்கப்பால் எதனையும் தானாக விளங்கிக்கொள்வதில்லை.

இதனினும் ஆழமானது ரொடரிக் சிஸம் 1963இல் முன்வைத்த புதிராகும். ஒருவன் அயலவருக்கு உதவச் செல்ல வேண்டும். செல்வதாயின் வருவதாக முன்னறிவிக்க வேண்டும். செல்லாவிடின் அவ்வாறு அறிவிக்கக் கூடாது. அவன் செல்லவில்லை. இப்போது அவனது கடமை என்ன என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் இந்நான்கு கூற்றுக்களையும் அன்றைய கடப்பாட்டு அளவையியலில் எழுதினால், ஒன்றில் முரண்பாடு தோன்றும். அல்லது ஏதேனும் ஒரு கூற்று பொருளற்றதாகிவிடும். ஒரு கடமை மீறப்பட்ட பின்னர் எழும் கடமையை எடுத்துரைக்க அம்முறைமை போதுமானதாக இருக்கவில்லை.

பிக்ஹ் கலையில் இத்தகைய கடமைகள் நன்கு வகுக்கப்பட்டுள்ளன. ளிஹாருக்கான கப்பாரா இதற்குத் தெளிவான உதாரணமாகும். அடிமையை விடுதலை செய்தல், இயலாவிடின் தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்றல், அதற்கும் இயலாவிடின் அறுபது ஏழைகளுக்கு உணவளித்தல் என அது படிமுறையாக அமைந்துள்ளது. அதேவேளை நோயாளியும் பயணியும் ரமழான் நோன்பை விட்டு வேறு நாட்களில் கழாச் செய்வது ருக்ஸத், அதாவது சலுகை எனப்படுகின்றது. முன்னையது மீறலுக்குப் பின்வரும் பரிகாரம். பின்னையது மீறலே அல்லாத விதிவிலக்கு. நோன்பு நோற்காதிருத்தல் என்ற புறச்செயல் ஒன்றாகவே இருந்தாலும், காரணத்தைப் பொறுத்து அது சலுகையாகவோ மீறலாகவோ ஆகின்றது.

இவ்வேறுபாடு ரொபோவுக்கு உயிர்நிலையானது. காலை மருந்து கொடுக்கப்படவில்லை. மருத்துவர் நிறுத்துமாறு கூறியதால் கொடுக்கப்படவில்லையெனில் அது விதிவிலக்கு. மேற்கொண்டு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ரொபோவின் தவறினால் விடுபட்டதெனில் அது மீறல். அதற்குரிய பரிகாரம் வேறு. பகல் வேளையில் இரு மடங்கு மருந்து கொடுத்து ‘ஈடுசெய்வது’ ஆபத்தாகவும் முடியலாம். ஒரு கடமையைச் சொல்லித் தருவதோடு, அது தவறினால் எழும் கடமையையும் சொல்லித் தந்தாலன்றி அவ்வியந்திரத்தை ஒரு நோயாளியின் அருகில் நிறுத்த இயலாது.

விதிவிலக்குகளைக் கையாளும் புதிய அளவையியல் முறைகள் 1980ஆம் ஆண்டு முதல் செயற்கை நுண்ணறிவுத் துறையில் வேகமாக வளர்ந்தன. மரபான அளவையியலில் புதிய செய்தியொன்று சேர்வதால் பழைய முடிவு நீங்குவதில்லை. புதிய முறைகளிலோ, மாறான செய்தி கிடைக்கும் வரை ஒரு முடிவு நிலைக்கும், கிடைத்தவுடன் விலக்கிக்கொள்ளப்படும். மாறியதற்குச் சான்று வரும் வரை முன்னைய நிலை தொடர்வதாகக் கொள்ளும் ‘இஸ்திஸ்ஹாப்’ கோட்பாட்டை அறிந்த வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ரொபோக்களின் யுகம்

ரொபோக்களுக்கு ஒழுக்க விதிகள் தேவை என்ற கருத்தை மக்களிடையே பரப்பியவர் எழுத்தாளர் ஐசக் அசிமோவ். 1942இல் வெளியான ‘ரன்அரவுண்ட்’ சிறுகதையில் அவரது மூன்று விதிகளும் முதன்முதலாக வெளிப்படையாகக் கூறப்பட்டன. அக்கதையின் பொருளே அவ்விதிகளின் முரண்பாடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கட்டளைக்குப் பணிதல், தன்னைக் காத்தல் எனும் இரண்டும் சமநிலையில் மோத, அந்த ரொபோ முன்னேறவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கின்றது.

கற்பனையில் கண்ட இந்நிலை 2014இல் ஆய்வுகூடத்திலும் காணப்பட்டது. பிரித்தானியாவின் பிரிஸ்டலில் அலன் வின்ஃபீல்ட் தம் குழுவினருடன் ஒரு பரிசோதனை நடத்தினார். மனிதருக்குப் பதிலாக நிறுத்தப்பட்ட சிறு ரொபோக்கள் ஒரு ‘குழியை’ நோக்கிச் செல்லும்போது, மற்றொரு ரொபோ அவற்றைத் தடுத்துக் காக்க வேண்டும். ஒன்றைக் காப்பதில் அது வெற்றி கண்டது. இரண்டு ஒரே நேரத்தில் ஆபத்தை நோக்கிச் சென்றபோது, 33 முயற்சிகளில் 14இல் எதனைக் காப்பது எனத் தடுமாறியே நேரத்தை இழந்தது. இரண்டும் குழியில் வீழ்ந்தன. இரு கடமைகள் மோதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘தர்ஜீஹ்’ முறை வகுக்கப்படாவிடின் நேர்வது இதுவே.

முறைசார் அளவையியலை நேரடியாகக் கையாண்டவர்களுள் அமெரிக்காவின் ரென்ஸலியர் நிறுவனத்தைச் சேர்ந்த செல்மர் பிரிங்ஸ்யோர்ட் முக்கியமானவர். அவரும் இரு சகாக்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரை கடுமையான ஒரு நிபந்தனையை விதித்தது. ரொபோ அனுமதிக்கப்பட்ட செயல்களை மட்டுமே செய்ய வேண்டும். அச்செயல் அனுமதிக்கப்பட்டது என்பதை அது நிரூபிக்கவும் இயல வேண்டும். அந்நிரூபணத்தைச் சாதாரண மொழியில் மனிதருக்கு விளக்கவும் கூடியதாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் இரு நோயாளிகளைக் கவனிக்கும் இரு ரொபோக்களை அவர்கள் உதாரணமாகக் கொண்டனர். உயிர்காக்கும் கருவியில் இருப்பவர் ஒரு நோயாளி. விலையுயர்ந்த வலிநிவாரணி தேவைப்படுபவர் மற்றவர். செலவை மிச்சப்படுத்தும் நோக்கில் ஒழுக்கக்கேடான முடிவை நோக்கி ரொபோக்கள் செல்லாவண்ணம் எந்த ஒழுக்கக் கோவை தடுக்கும் என்பதைக் கணினியின் உதவியால் நிரூபித்துக் காட்ட அவர்கள் முயன்றனர்.

அண்டர்சன் இணையர் வேறொரு வழியைத் தேர்ந்தனர். விதிகளை முன்கூட்டியே எழுதாமல், ஒழுக்கவியலாளர் ஒருமித்துத் தீர்ப்புக் கூறிய வழக்குகளிலிருந்து விதியைப் பெற முனைந்தனர். நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், நோயாளியின் சுயவிருப்பை மதித்தல் எனும் மூன்று கடமைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலும் ஒவ்வொரு கடமையையும் எந்த அளவு நிறைவேற்றுகின்றது அல்லது மீறுகின்றது என்பதை +2 முதல் −2 வரையான எண்களால் குறித்தனர். தொகுத்தறி அளவையியல் நிரலொன்று அவ்வழக்குகளை ஒப்பிட்டு ஒரு விதியைக் கண்டது. நோயாளியின் முடிவு முழுமையாகச் சுயவிருப்பின்பாற்பட்டதாக இல்லாதபோது, அதனால் அவருக்குத் தீங்கு நேருமாயின், அல்லது பெரும் நன்மை கைநழுவுமாயின், அம்முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கோர வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம். தீர்க்கப்பட்ட வழக்கிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுத்துப் புதிய வழக்கிற்குக் கொண்டுசெல்லும் இம்முறை, ‘இல்லத்’தைத் தேடும் கியாஸின் பாதையை நினைவூட்டுகின்றது.

நிரூபணத்தின் எல்லை

இம்முயற்சிகள் பாராட்டத்தக்கவை. ஆனால் அவற்றின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். நோயாளி மருந்தை மறுப்பது சுயவிருப்பினாலா, மனச்சோர்வினாலா, மறதியினாலா, அன்றி மருந்து ஏற்படுத்தும் குமட்டலைச் சொல்லத் தயங்குவதாலா? +2, −2 எனும் எண்கள் கிடைத்த பின்னர் கணக்கு ஐயமின்றி நடைபெறும். அந்த எண்களை இடுபவர் யார்? இமாம் கஸ்ஸாலியின் ஒரு றாத்தல் உணவு பற்றிய வினா இங்கு அப்படியே எழுகின்றது. ‘போதுமானது கொடு’ எனும் விதி ஐயமற்றது. இவருக்கு, இன்றைக்கு, எது போதுமானது என்பதே வினா. அது தஹ்கீகுல் மனாத்தின் களம்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லூயிஸ் டென்னிஸ், மைக்கல் ஃபிஷர் ஆகியோர் ரொபோவின் முடிவெடுக்கும் நிரலை அளவையியல் முறையில் முன்கூட்டியே சோதிக்கும் வழிகளை 2010களில் உருவாக்கினர். இவ்வகைச் சோதனை உறுதிப்படுத்துவது யாதெனில், தான் அறிந்ததாகக் கொண்டுள்ள செய்திகளின் அடிப்படையில் ரொபோ தகாத செயலைத் தெரிவு செய்யாது என்பதையேயாகும். அச்செய்திகள் உண்மையா என்பதை அது உறுதிப்படுத்துவதில்லை. கண் எனப் பொருத்தப்பட்ட கமரா தவறாகக் கண்டால், பிழையற்ற நிரூபணத்தின் முடிவில் பிழையான செயல் நிகழும். வாதத்தின் வடிவம் உள்ளடக்கத்திற்கு உறுதியளிக்காது என்ற இப்னு தைமிய்யாவின் எச்சரிக்கை இதனைத்தான் சொல்கின்றது.

அவ்வாறாயின் அளவையியலைக் கைவிட்டுவிடலாமா? இன்றைய பேசும் இயந்திரங்கள் பலவும் பெருந்தொகையான எழுத்துக்களிலிருந்து பழகிக்கொண்டவை. அவற்றின் விடைகள் பெரும்பாலும் சரளமானவை. ஆனால் அவ்விடை எந்த எடுகூற்றிலிருந்து எந்த விதியின் வழியாகப் பெறப்பட்டது எனக் கேட்டால், அவை தரும் விளக்கமே உண்மையில் நடந்த செயன்முறைதான் என்பதற்கு உத்தரவாதமில்லை. அளவையியல் வழியில் அமைந்த முறைமையிலோ எடுகூற்றுக்கள் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. முடிவு தவறெனில், தவறு விதியிலா, தகவலிலா, முன்னுரிமையிலா எனத் தேடிக் கண்டு திருத்தலாம். அளவையியல் இயந்திரத்தை நல்லதாக்குவதில்லை. அதன் தவறுகளை விசாரிக்கத்தக்கவையாக ஆக்குகின்றது. இதுவே அதன் பயன்; இப்பயன் சிறியதுமன்று.

பொறுப்பு யாருடையது?

விசாரணை என்று வரும்போது விசாரிக்கப்படுபவர் யார் என்ற வினா எழுகின்றது. உஸூல் அறிஞர்கள் ஹுக்மை வரையறுக்கும்போது அது ‘முகல்லப்’களின் செயல்களோடு தொடர்புடையது என்றனர். புத்தியும் பருவமும் அடைந்து பொறுப்புச் சுமத்தப்பட்டவரே முகல்லப். வாஜிப், ஹராம் எனும் குறியீடுகளை எத்தனை நுணுக்கமாக ஏற்றுக்கொண்டாலும் ரொபோ முகல்லப் ஆகிவிடாது. அது வாஜிபை நிறைவேற்றவில்லை. வாஜிபைச் சுமந்த ஒருவரின் கருவியாக இயங்குகின்றது. ஓட்டிச் செல்லப்படும் கால்நடை விளைவித்த சேதத்திற்கு ஓட்டிச் சென்றவரைப் பொறுப்பாக்கும் பிக்ஹ் விதிகளின் பின்னால் இருப்பதும் இத்தெளிவே.

பிரித்தானியாவின் இரு ஆய்வு மன்றங்கள் 2010 செப்டெம்பரில் கூட்டிய நிபுணர் குழுவும் இதற்கு நெருங்கிய முடிவையே எட்டியது. அது வகுத்த ஐந்து கோட்பாடுகளின்படி, ரொபோக்கள் கருவிகளே, பொறுப்பாளிகள் மனிதரே, ஒவ்வொரு ரொபோவுக்கும் சட்டப்படி பொறுப்புடையவர் யாரென அறியக்கூடியதாக இருக்க வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடியோரை ஏமாற்றிப் பயன்பெறும் வகையில் அவற்றை வடிவமைக்கலாகாது என்ற கோட்பாடு, முதியோரையும் குழந்தைகளையும் கருதுகையில் மிகவும் முக்கியமானதாகும். அன்புடையது போன்று நடிக்கும் இயந்திரத்தை அன்புடையதாகவே நம்பும் நிலையில் இருப்போர் அவர்களே.

வயது வந்தோரின் சொத்துரிமையில் தலையிடுவதற்கு மிகவும் தயங்கிய இமாம் அபூ ஹனீபா (ரஹ்), மூவகையினரைத் தொழிலிலிருந்து தடுப்பதை மட்டும் ஏற்றார். அறிவற்ற வைத்தியர், பொறுப்பற்ற முப்தி, வாகனப் பிராணிகள் இல்லாமலே பயணிகளிடம் வாடகை பெறும் வறிய வாடகைக்காரர் என்போரே அம்மூவர். உடல், மார்க்கம், பொருள் எனும் மூன்றிலும் பொதுமக்களுக்கு நேரும் தீங்கைத் தடுப்பதே இதன் நோக்கம் என ஹனபி அறிஞர்கள் விளக்குவர். வைத்தியரின் பணியையும் ஆலோசகரின் பணியையும் ஒருங்கே ஏற்கும் இயந்திரங்களை உருவாக்குவோரிடமும் விற்போரிடமும் இதே அளவுகோலைப் பயன்படுத்துமாறு கோருவது பொருத்தமாகும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்னு ஹஸ்ம் கடமையையும் அவசியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அப்பார்வை இன்று பொறியியலாக மாறியுள்ளது. அத்துறையில் எமது கல்லூரிகளின் பட்டதாரிகளுக்குச் சொல்வதற்கு நிறையவே உண்டு. விதிவிலக்கையும் மீறலையும் பிரித்தறியும் முறை, மோதும் கடமைகளுள் ஒன்றைத் தெரியும் முறை, மன்தூபுக்கும் மக்ரூஹுக்கும் உரிய இடம் ஆகியவை நூலகங்களில் உறங்க வேண்டியவையல்ல. கணினி பயிலும் எமது இளைஞர் மன்திக்கையும் உஸூலையும் கற்பதும், உஸூல் பயில்வோர் குறியீட்டு அளவையியலை அறிவதும் இதற்கு இன்றியமையாதன.

மருந்து வேண்டாம் என்று கூறிய முதியவரிடம் இறுதியாகத் திரும்புவோம். ரொபோ தன் விதியின்படி சரியாகவே நடந்து, நேரத்துடன் மருத்துவருக்கு அறிவித்திருக்கலாம். அவர் ஏன் மறுத்தார் என்பதை அருகிலமர்ந்து கேட்டறியும் கடமை அதனால் எவரிடமிருந்தும் நீங்கிவிடுவதில்லை. பெற்றோரின் பராமரிப்பு எவர் மீது கடமையோ, ரொபோ வீட்டுக்கு வந்த பின்னரும் அது அவர் மீதே கடமையாக இருக்கின்றது.